ரோபோ துடித்தால் எதை மாற்றுவது: கெபாசிட்டரா, தனிப் பேட்டரியா, புது டிரைவரா?

மேசைமேல் சக்கரங்களைத் தூக்கி வைத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. தரையில் இறக்கினால் இரண்டடி போகிறது. திரும்பச் சொன்னதும் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நிரலை மீண்டும் முதலிலிருந்து ஓட்டத் தொடங்குகிறது. கணினியோடு யு.எஸ்.பி. கேபிள் இணைந்திருக்கும்வரை ஒழுங்காக இருந்தது, கேபிளைக் கழற்றியதும் வம்பு செய்கிறது. மாணவர்கள் கட்டும் சக்கர ரோபோக்களில் இதைவிடப் பழகிப்போன புகார் கிடையாது.

உடனே அணி நான்கு கட்சியாகப் பிரியும். மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகை போதவில்லை, பெரியதாக மாற்றுவோம் என்பார் ஒருவர். மின்சாரத்தைச் சிறிது சேமித்துவைக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். நிரலை ஓட்டும் சில்லான மைக்ரோகன்ட்ரோலருக்குத் தனிப் பேட்டரி வேண்டும் என்பது மூன்றாவது கட்சி. நிரலில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால் போதும் என்பது நான்காவது. கம்பியிணைப்பைப் பிரித்து மறுபடி கட்டலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைக் கட்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்த ஐந்தும் நல்ல வழிகள்தான். ஐந்தும் ஒரே கோளாறுக்கான வழிகள் அல்ல. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சிறிய ரோபோக்களில் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு: மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும் மின்வழியை மோட்டாரின் மின்வழியிலிருந்து பிரிப்பது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கிரவுண்ட் கம்பியைத் திருத்துவது. டிரைவரை மாற்றுவது வரிசையின் கடைசியில் வர வேண்டியது. அது முதலிடத்துக்கு வரும் ஒரு சூழ்நிலையும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

எது கெட்டிருக்கிறது?

‘துடிக்கிறது’, ‘நின்றுவிடுகிறது’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மின்னழுத்தம் சரிந்து சில்லு ரீசெட் ஆவது ஒன்று. மோட்டார் எழுப்பும் மின்னிரைச்சலில் சென்சார் தொடர்பு சிக்கி, நிரல் உறைந்துபோவது இன்னொன்று. மின்சுற்றில் எந்தப் பிழையும் இல்லாமல், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி.ஐ.டி. கணக்கே அலைபாய்வது மூன்றாவது.

இவற்றைப் பிரித்தறியக் கருவிகள் அதிகம் வேண்டாம். நிரலின் தொடக்கத்தில், மோட்டாரை இயக்கும் முன்பாக, ஒரு எல்.இ.டி. மூன்று முறை வேகமாக மின்னும்படி எழுதிவிடுங்கள். ஓட்டத்தின் நடுவே அந்த மூன்று மின்னல் தெரிந்தால் ரீசெட் நடந்திருக்கிறது. மின்னாமல், சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டேயிருந்து எந்தக் கட்டளைக்கும் பணியாவிட்டால் உறைவு. இரண்டும் இல்லாமல் சக்கரங்கள் முன்னும் பின்னும் உதறினால், பி.ஐ.டி.யை அணைத்துவிட்டு நிலையான ஒரு பி.டபிள்யூ.எம். மதிப்பைக் (மின்சாரத்தை விரைவாக இயக்கி அணைத்து மோட்டாரின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்) கொடுத்துப் பாருங்கள். உதறல் நின்றுவிட்டால் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டியதில்லை, கோளாறு கணக்கில் இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் இன்ட் வகை மாறிக்கு 16 பிட்தான் இடம். சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரின் எண்ணிக்கை 32,767-ஐத் தாண்டியதும் அது எதிர்மதிப்புக்குத் தாவும். ரோபோ திடீரென்று தடம் மாறிப் பாயும். இதை மின்னிரைச்சல் என்று நினைத்து ஷீல்டு கம்பி தேடி அலைபவர்கள் உண்டு.

ரீசெட்தான் என்று உறுதியானால் காரணத்தைச் சில்லிடமே கேட்கலாம். ஈ.எஸ்.பி.32 பலகை சீரியல் திரையில் பிரவுன்அவுட் (மின்னழுத்தச் சரிவு) என்று தானாகவே எழுதிக் காட்டிவிடும். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லும் கடைசி ரீசெட் எதனால் என்பதை எம்.சி.யு.எஸ்.ஆர். என்ற பதிவேட்டில் குறித்துவைக்கிறது. ஆனால் ஊனோவின் ஆப்டிபூட் பூட்லோடர் (முதலில் ஓடும் தொடக்க நிரல்) நம் நிரல் தொடங்கும் முன்பே அதை அழித்துவிடுவதால், சும்மா படித்தால் பூஜ்யமே வரும். ஆப்டிபூட்டின் புதிய பதிப்புகள் அழிப்பதற்கு முன் அந்த மதிப்பை ஆர்2 பதிவேட்டில் விட்டுச் செல்கின்றன. அங்கிருந்து எடுக்கத் தெரிந்தவர்கள் எடுக்கலாம்.

ஊனோவில் இன்னொரு வழுக்கலான இடம் இருக்கிறது. அதன் பிரவுன்அவுட் எல்லை 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தச் சில்லு ஒழுங்காக இயங்கும் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாள் உறுதி தருவதோ ஏறத்தாழ 3.8 வோல்ட்டுக்கு மேல்தான். இடையில் இருக்கும் ஒரு வோல்ட் யாருடைய பொறுப்பிலும் இல்லாத நிலம். அங்கே விழுந்த சில்லு ரீசெட்டும் ஆகாது, சொன்னதைச் செய்யும் என்ற உறுதியும் இல்லை. ‘எப்போதாவது ஒருமுறை விசித்திரமாக நடந்துகொள்கிறது, மறுபடி செய்து காட்டச் சொன்னால் வருவதில்லை’ என்ற வகைப் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம், 5 வோல்ட் அப்படியே நிற்கிறது என்று சொல்வார்கள். சாதாரண மல்ட்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. 20 மில்லிநொடிச் சரிவு அதன் கண்ணில் படாது. ஆசிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஏடிமெகாவுக்குள்ளேயே 1.1 வோல்ட் அளவில் ஒரு நிலையான மேற்கோள் மின்னழுத்தம் இருக்கிறது. அதை, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி. மூலம் அளந்தால் அப்போதைய சப்ளை மின்னழுத்தத்தைத் திருப்பிக் கணக்கிடலாம். ஒரு அளவீடு 104 மைக்ரோநொடியில் முடியும். ஓட்டம் முழுவதும் அளந்து, மிகக் குறைந்த மதிப்பை மட்டும் மின்சாரம் போனாலும் அழியாத இ.இ.பி.ரோம் நினைவகத்தில் சேமித்தால், ரீசெட் ஆன பிறகும் அந்த எண் கிடைக்கும். அந்த 1.1 வோல்ட் சில்லுக்குச் சில்லு பத்து விழுக்காடு வரை மாறும், ஆகவே துல்லியமான எண்ணை எதிர்பார்க்காதீர்கள். 5-இலிருந்து 4.1-க்கு விழுந்ததா என்று தெரிந்தால் போதும்.

சரிவா, இரைச்சலா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை என்றால் ஒரு சோதனை தீர்த்துவைக்கும். மோட்டார்களைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் 5 ஓம், 10 வாட் மின்தடை ஒவ்வொன்றை மாட்டி அதே நிரலை ஓட்டுங்கள். மின்தடை ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் இழுக்கும். ஆனால் அதில் பொறி பறக்கும் பிரஷ் கிடையாது. கோளாறு தொடர்ந்தால் சப்ளை சரிகிறது. மறைந்துவிட்டால் இரைச்சல் பக்கம் பாருங்கள். மின்தடை சுடும், நொடிக்கணக்கில் மட்டும் ஓட்டுங்கள்.

தொடக்க நொடியின் கணக்கு

வழிகளை ஒப்பிட ஒரு மாதிரி ரோபோ வேண்டும். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி. சுருள் மின்தடை 3 ஓம் கொண்ட இரண்டு மோட்டார்கள். பேட்டரியின் உள்மின்தடை, சுவிட்ச், கம்பி எல்லாம் சேர்ந்து 0.4 ஓம். சால்டர் செய்யாமல் கம்பிகளைச் செருகும் பிரெட்போர்டில் கட்டிய ரோபோவுக்கு இது மிகையான மதிப்பீடு அல்ல.

ஓடும் மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். நிற்கும் மோட்டாரில் அது பூஜ்யம். சுருளின் மின்தடை ஒன்றே தடுப்பு. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் சிறிது நேரம் முழு ஸ்டால் (நின்ற நிலை) மின்னோட்டத்தை இழுக்கிறது.

மாணவர் ரோபோக்களில் எங்கும் காணப்படும் எல்298என் டிரைவரைப் பொருத்திப் பார்ப்போம். அதன் உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். தரவுத்தாளின்படி 1 ஆம்பியரிலேயே 1.8 வோல்ட்டை அது விழுங்கும். 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரைகூடப் போகலாம். இடையில் 2.5 என்று வைத்துக்கொண்டால், இரு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும்போது மொத்தம் 2.6 ஆம்பியர் ஓடுகிறது, 7.4 வோல்ட் 6.4-க்கு இறங்குகிறது. அந்தப் பலகையிலேயே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து மைக்ரோகன்ட்ரோலருக்கு மின்சாரம் எடுத்திருந்தால் அதோகதிதான். 7805 வகை ரெகுலேட்டர் தனக்கென்று 2 வோல்ட் கேட்கும், ஆகவே சில்லுக்குக் கிடைப்பது 4.4.

முழு வேகத்தில் முன்னே போகும் ரோபோவைச் சட்டென்று பின்னே திருப்பினால் நிலைமை இன்னும் மோசம். இதுவரை எதிர்த்து நின்ற மோட்டாரின் மின்னழுத்தம் இப்போது பேட்டரியோடு கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. கிளம்பும்போது வந்த மின்னோட்டத்தின் இரண்டு மடங்கு வரை ஓடலாம். நேராகப் போனால் சரி, திரும்பினால் ரீசெட் என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான்: சில ரோபோக்கள் ஒரு சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் திரும்புகின்றன.

டிரைவரை மாற்றுவது

எல்298என் பழைய வடிவமைப்பு, டிபி6612எஃப்என்ஜி போன்ற மாஸ்ஃபெட் (வேறு வகை டிரான்சிஸ்டர்) டிரைவர் நல்லது என்று எங்கும் படிக்கிறோம். உண்மைதான். டிபி6612-இன் மொத்த மின்தடை அரை ஓம் அளவே. வீணாகும் வெப்பம் குறைவு, பேட்டரி நெடுநேரம் வரும், அதே மோட்டாருக்கு இழுவை கூடும்.

அதே மாதிரி ரோபோவில் இதைப் பொருத்திக் கணக்கிடுங்கள். டிரைவர் விழுங்கிய 2.5 வோல்ட் இப்போது மோட்டாருக்குப் போகிறது. தொடக்க மின்னோட்டம் 2.6-இலிருந்து 3.4 ஆம்பியராக ஏறுகிறது. பேட்டரி முனையில் 6.4 இருந்த இடத்தில் 6.0 வோல்ட்தான் மிஞ்சுகிறது. எல்298என் தன் திறமைக் குறைவால் மின்னோட்டத்துக்கு ஒரு கடிவாளம் போட்டிருந்தது. அதை அவிழ்த்துவிட்டதும் ரீசெட் குறையவில்லை, கூடியது. ஓடிக்கொண்டிருக்கும்போது திசை மாற்றினால், எதிர் மின்னழுத்தம் 5 வோல்ட் என்று கொண்டாலும், மோட்டாருக்கு 2.9 ஆம்பியர் வீதம் ஓடி, பேட்டரி முனை 5.1 வோல்ட்டைத் தொடும். சப்ளை சரிவுக்கு டிரைவரை மாற்றுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதை; இங்கே புதுத் தலையணை பழையதைவிடக் கடினம்.

டிரைவரை முதலில் மாற்ற வேண்டிய அந்த ஒரே சூழ்நிலை வேறு மாதிரித் தோற்றமளிக்கும். ரீசெட் இல்லை, நிரல் ஓடிக்கொண்டேயிருக்கிறது, மோட்டார் மட்டும் சில நொடி ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது. டிரைவரைத் தொட்டால் விரல் தாங்காது. எல்298என், டிபி6612 இரண்டுக்கும் அளவு மீறிச் சூடானால் தன்னை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு, அதுதான் இயங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது மோட்டாரின் ஸ்டால் மின்னோட்டத்தை அளந்து அதற்கேற்ற டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிபி6612 ஒரு சேனலுக்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியரும், கணநேரத்துக்கு 3.2 ஆம்பியரும் தாங்கும். டிஆர்வி8833 தொடர்ந்து 1.5 ஆம்பியர் வரை தாங்கும், ஆனால் அதன் சப்ளை எல்லை 10.8 வோல்ட். ஆக, மூன்று செல் லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. முழு சார்ஜில் அந்தப் பேட்டரி 12.6 வோல்ட் தரும்.

பல ஆம்பியர் இழுக்கும் மோட்டாரானால் பிடிஎஸ்7960 பலகை. அதன்மேல் 43 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சில்லு தன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கும் அளவு. அந்தச் சின்ன அலுமினியத் தகட்டை நம்பி அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓட்டலாம் என்று அதற்குப் பொருளில்லை.

பெரிய கெபாசிட்டர்

இதைப் போட்டோம், கொஞ்சம் பரவாயில்லை என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். கொஞ்சம் என்பதற்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். பேட்டரி முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, மோட்டார்கள் 3.4 ஆம்பியர் கேட்கின்றன. கெபாசிட்டர் மட்டுமே கொடுத்தால் 0.3 மில்லிநொடியில் ஒரு வோல்ட் இறங்கிவிடும். மோட்டார் வேகம் பிடிக்க ஆகும் நேரமோ பத்து மில்லிநொடிகளில் அளக்கக்கூடியது. 50 மில்லிநொடிக்கு ஒரு வோல்ட்டுக்குமேல் சரியாமல் தாங்க வேண்டுமானால் 1,70,000 மைக்ரோஃபாரட் தேவை. கெபாசிட்டரை இழுத்துச் செல்லவே ஒரு ரோபோ வேண்டியிருக்கும்.

ஆகவே தொடக்கச் சரிவுக்கு டிரைவர் பக்கத்துக் கெபாசிட்டர் மருந்தல்ல. பி.டபிள்யூ.எம். ஒவ்வொரு முறை இயங்கி அணையும்போதும் நீளக் கம்பியில் எழும் வேகமான ஏற்ற இறக்கத்தை அடக்கத்தான் அது இருக்கிறது. அந்த வேலைக்கு 220 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரை, டிரைவரின் சப்ளை முனையை ஒட்டி வையுங்கள்; பத்து சென்டிமீட்டர் தள்ளி பிரெட்போர்டின் ஓரத்தில் வைத்தால் பாதிப் பயன் போய்விடும்.

அதே கெபாசிட்டரை இடம் மாற்றினால் கதையே மாறுகிறது. பேட்டரியிலிருந்து மைக்ரோகன்ட்ரோலரின் ரெகுலேட்டருக்குப் போகும் வழியில் 1என்5819 போன்ற ஷாட்கி டயோடு ஒன்றைப் போட்டு, அதற்குப் பின்னால் 2200 மைக்ரோஃபாரட் வையுங்கள். டயோடு இருப்பதால் மோட்டார் இந்தச் சேமிப்பிலிருந்து ஒரு துளியும் திருப்பி இழுக்க முடியாது. ஊனோவும் இரண்டு மூன்று சென்சாரும் சேர்ந்து இழுப்பது 60 மில்லிஆம்பியர் என்று கொண்டால், பேட்டரி முனையில் 50 மில்லிநொடி என்ன நடந்தாலும் இங்கே இறங்குவது 1.4 வோல்ட்டுக்கும் குறைவு. மோட்டார் பக்கத்தில் ஒரு மில்லிநொடிகூடத் தாங்காத பொருள், மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும் லாஜிக் பக்கத்தில் ஐம்பது மில்லிநொடி தாங்குகிறது. செலவும் உழைப்பும் இவ்வளவு குறைவாக இருந்தும் இவ்வளவு பயன் தரும் வேறு மாற்றம் இந்தப் பட்டியலில் இல்லை.

இரைச்சலுக்கு வேண்டியது வேறு கெபாசிட்டர்: 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உறைக்கு ஒவ்வொன்று, எல்லாம் மோட்டாரின் மேலேயே சால்டர் செய்யப்பட வேண்டும். உறையைச் சிறிது உரசிவிட்டுப் பற்றவைத்தால்தான் பிடிக்கும். மோட்டாருக்குப் போகும் இரு கம்பிகளையும் முறுக்கிவிடுங்கள். ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பில் இயங்கும் சென்சார் உறைந்துபோகும் ரோபோக்களில் பாதிக்கு இந்த அரைமணி வேலை போதும். மீதிப் பாதிக்கு ஐ2சி கம்பியைக் குட்டையாக்கி, மோட்டார் கம்பியிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். நிரலில் ஐ2சி-க்கான வயர் நூலகத்தின் காலவரம்பை இயக்கிவிட வேண்டும். அதை இயக்காவிட்டால், சென்சார் பதில் சொல்லும்வரை நிரல் எல்லையில்லாமல் காத்துக்கொண்டிருக்கும். அதற்குள் ரோபோ சுவரில் மோதியிருக்கும்.

மின்வழியைப் பிரிப்பது

இதில் இரண்டு பாதைகள்: லாஜிக்குக்கு வேறு பேட்டரி, அல்லது ஒரே பேட்டரியிலிருந்து, மின்னழுத்தத்தை இறக்கித் தரும் பக் கன்வெர்ட்டர்.

வேறு பேட்டரி மிக எளிது, உடனே பலன் தெரியும். கோளாறு சப்ளையில்தான் என்பதை உறுதிசெய்யும் சோதனையும் அதுவே. எடை கூடும், இரண்டையும் சார்ஜ் செய்ய நினைவிருக்க வேண்டும். மூன்று இடங்களில் கால் இடறும். தனி என்றால் முழுவதும் தனி என்று எண்ணிக் கிரவுண்டையும் பிரித்துவிடுவது முதலாவது. இரண்டு பேட்டரியின் எதிர்முனைகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் டிரைவருக்குப் போகும் சிக்னலுக்கு எதைப் பொறுத்து 5 வோல்ட் என்ற கேள்விக்கே விடையில்லை. இரண்டாவது பவர் பேங்க். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், போன் முழுதாக சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துகொள்ளும் பவர் பேங்குகள் பல. ஊனோ மட்டும் இழுக்கும் மின்னோட்டம் அதற்குப் போதாமல், அரை நிமிடத்தில் ரோபோ உயிரை விடும். நீங்கள் மறுபடி டிரைவரைச் சந்தேகிப்பீர்கள். மூன்றாவது, மோட்டார் பேட்டரி இயங்கி லாஜிக் பேட்டரி அணைந்திருக்கும் நிலை. டிரைவரின் உள்ளீடுகள் அந்தரத்தில் தொங்கும். சக்கரம் தானே சுழலத் தொடங்கலாம். டிரைவரை இயக்கும் ஒவ்வொரு எனேபிள் முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 கிலோஓம் மின்தடை ஒன்று போட்டுவிட்டால் அந்தப் பயம் இல்லை.

சதுர வடிவச் சின்ன 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குப் போடவே கூடாது. அதன் உள்மின்தடை ஒரு ஓமுக்கும் மேல். ஓர் ஆம்பியர் கேட்டாலே மண்டியிட்டுவிடும். ஊனோவுக்கு மட்டும் கொடுத்தால் சில மணி நேரம் ஓடும்.

பக் கன்வெர்ட்டர் நிரந்தர ஏற்பாட்டுக்கு ஏற்றது. ஒரே பேட்டரி, ஒரே சுவிட்ச். 7805 போல் மிச்ச வோல்ட்டை வெப்பமாக எரிப்பதில்லை. அதற்கும் உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ ஒரு வோல்ட்டாவது உயரமாக இருக்க வேண்டும். தொடக்கச் சரிவான 6.0 வோல்ட்டை அது ஒருவாறு சமாளிக்கும். திசை மாற்றத்தின் 5.1 வோல்ட்டில் அதுவும் கைவிடும். மேலே சொன்ன டயோடையும் 2200 மைக்ரோஃபாரட்டையும் அதன் உள்ளீட்டில் சேர்த்தால் அந்தப் பள்ளத்தையும் தாண்டிவிடும். நான்கு ஏ.ஏ. செல்களில் ஓடும் 6 வோல்ட் ரோபோவுக்குப் பக் கன்வெர்ட்டர் பொருந்தாது. அங்கே தனிப் பேட்டரியோ, ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகையோ வேண்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், சோதனைக்குத் தனிப் பேட்டரி, கட்டி முடித்த ரோபோவுக்கு டயோடோடு சேர்ந்த பக் கன்வெர்ட்டர். சர்வோ மோட்டார் இருந்தால் அதற்கு இன்னொரு பக் கன்வெர்ட்டர் கொடுங்கள். ஊனோவின் 5 வோல்ட் முனையிலிருந்து சர்வோவை ஓட்டிக்கொண்டே மற்றதையெல்லாம் பிரித்துப் பயனில்லை.

நிரலும் கம்பியும்

வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவதற்குக் காசு செலவில்லை. பி.டபிள்யூ.எம். மதிப்பைப் பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை ஐந்தைந்தாகக் கூட்டினால் அரை நொடியில் முழு வேகம் வந்துவிடும். திசை மாற்றும்போது பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஏறட்டும். அந்த 5.1 வோல்ட் பள்ளம் அநேகமாகக் காணாமல்போகும். எல்லா ரோபோவிலும் இதை எழுதிவிடுவது நல்லது. இதை மட்டும் நம்பியிருப்பது வேறு: ரோபோ சுவரிலோ மற்றொரு ரோபோவிலோ முட்டி நின்றால் நிரல் எவ்வளவு நிதானமாக இருந்தாலும் ஸ்டால் மின்னோட்டம் வந்தே தீரும். போட்டிக் களத்தில் அதுதான் நடக்கும்.

நிரல் வழியில் இன்னொரு யோசனையும் உலவுகிறது: ஈ.எஸ்.பி.32-இன் பிரவுன்அவுட் கண்காணிப்பை அணைத்துவிடுவது. இரண்டு வரியில் முடிந்துவிடும், ரீசெட் செய்தியும் நின்றுவிடும், சப்ளை மட்டும் முன்போலவே சரிந்துகொண்டிருக்கும். செய்யாதீர்கள்.

கம்பிக்கு வருவோம். பிரெட்போர்டுக்கான மெல்லிய ஜம்பர் ஒயர்கள் பலவும் 28 ஏ.டபிள்யூ.ஜி. அளவு (எண் குறைந்தால் கம்பி தடிமன்), மீட்டருக்கு 0.21 ஓம். இருபது சென்டிமீட்டர் ஜம்பரும் அதன் இரு முனைத் தொடுகைகளும் சேர்ந்தால் 0.07 ஓம் எளிதாக வரும். மோட்டார்களின் 3.4 ஆம்பியர் அதன் வழியாகக் கிரவுண்டுக்குத் திரும்பினால் அந்த ஒற்றைக் கம்பியில் கால் வோல்ட் நிற்கும். கோட்டைப் பின்தொடரும் சென்சாரின் கிரவுண்டும் அதே கம்பியில் தொற்றிக்கொண்டிருந்தால், ஊனோவின் 10 பிட் ஏ.டி.சி.யில் அது ஏறத்தாழ 50 எண் நகர்வு. மோட்டார் ஓடாதபோது கவனமாக அளந்து வைத்த எல்லை மதிப்பு, மோட்டார் ஓடும்போது தவறாகிவிடும். கோட்டை விட்டு விலகும் ரோபோவுக்காக நாட்கணக்கில் பி.ஐ.டி. எண்களை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கால் வோல்ட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

திருத்தம் எளிது. பேட்டரியிலிருந்து டிரைவருக்கும், டிரைவரிலிருந்து மோட்டாருக்கும் 20 அல்லது 22 ஏ.டபிள்யூ.ஜி. கம்பி, பிரெட்போர்டைத் தொடாமல் நேராக. டிரைவரின் கிரவுண்டும் மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்டும் தனித்தனிக் கம்பியாக வந்து பேட்டரியின் எதிர்முனையருகே ஒரே புள்ளியில் சேரட்டும். சென்சார்களின் கிரவுண்ட் மைக்ரோகன்ட்ரோலருக்கே போகட்டும். ஸ்குரூ டெர்மினலில் செருகும் கம்பி முனைக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, அதிர்வில் பிடி தளர்ந்துவிடும். முறுக்கிய வெறுங்கம்பியோ, ஃபெரூல் என்ற உலோகக் குழாய்முனை மாட்டிய கம்பியோ மேல்.

நாளை போட்டி, இன்று இரவுதான் இருக்கிறது என்றால் நான் தேர்ந்தெடுப்பது: படிப்படியான வேக ஏற்றம், லாஜிக்குக்குத் தனிப் பேட்டரி, கிரவுண்ட் கம்பிகளைச் சால்டர் செய்வது. டிரைவரைத் தொட மாட்டேன். புதுப் பலகையின் பின் வரிசை, ஸ்டாண்ட்பை முனை என்று புதுப் பிழைகளுக்கு இரவு போதாது. ஒரு மாதம் இருந்தால் பிரெட்போர்டை முழுதாக விட்டுவிட்டு, சால்டர் செய்யும் துளைப் பலகையான பெர்ஃப்போர்டிலோ அச்சிட்ட பலகையிலோ கட்டுங்கள். பக் கன்வெர்ட்டர், டயோடு, கெபாசிட்டர் எல்லாம் அதில் இடம்பெறட்டும். அப்போது எல்298என்-ஐ விட்டு டிபி6612-க்கு மாறுவதும் பொருத்தமே. சப்ளை உறுதியான பிறகு அந்த டிரைவரின் நன்மை முழுவதும் இழுவையாகக் கைக்கு வரும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடித்துவிட்டோம் என்று சொல்லும் முன் ஒரு சோதனை. பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, ரோபோவைச் சுவரில் முட்டவைத்து முழு பி.டபிள்யூ.எம். இரண்டு நொடி, பிறகு பின்னோக்கி இரண்டு நொடி, சில முறை மாற்றி மாற்றி. இ.இ.பி.ரோமில் பதிவான குறைந்த மின்னழுத்தத்தைப் படியுங்கள். ஊனோவில் அது 4.5-க்கு மேல் நின்றால் மூடியைப் பொருத்தலாம். 4.5-க்கும் 3.8-க்கும் இடையில் இருந்தால் ரோபோ ஓடும், சென்சார் எண்கள் மட்டும் நகரும், ஏ.டி.சி. தன் மேற்கோளாக எடுத்துக்கொள்வது அந்தச் சப்ளையைத்தான். அதற்கும் கீழே என்றால் டயோடுக்குப் பின்னால் இருக்கும் கெபாசிட்டரை இரட்டிப்பாக்கி, பேட்டரியின் கனெக்டரையும் சுவிட்சையும் பிடித்துப் பாருங்கள். சூடாக இருப்பது எதுவோ, 0.4 ஓமின் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.